மிஷ்ரி டப்பிக்கு ஒரு ரசீது

விதி இதுதான். வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் படிவத்தின் மேல் பாதியை நாங்கள் நிரப்ப வேண்டும். கீழ்ப் பாதியை அவர்கள் நிரப்பிக் கிழித்து, பதினைந்து நாளுக்குள் எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சுலபமாகக் கிழிப்பதற்காக நடுவில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். எங்கள் படிவங்களில் எழுத்து கோணலாக விழும், கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். துளை மட்டும் நூல் பிடித்தாற்போல் இருக்கும். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தத் துளைகளுக்கு வேலையே வரவில்லை. ஒரே ஒரு கீழ்ப் பாதிதான் திரும்பி வந்தது.

அந்தக் கதையை எழுதச் சொன்னவள் கவிதா. தாராவியில் நான் இருந்த மாநகராட்சி மருந்தகத்தின் பல் பிரிவில், என் நாற்காலியில் இப்போது இருப்பவள். மருந்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்குப் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் போன் செய்து, "மேடம், எல்லாம் டேப்லெட்டுக்கு மாறிடுச்சு. பழைய ஃபார்ம் எல்லாம் ரத்தி பேப்பர்காரனுக்குப் போடறாங்க. புதுசா வந்தவங்களுக்கு அந்த டப்பி மேட்டர சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க எழுதிக் குடுங்க" என்றாள்.

"எழுதறேன். தமிழ்லதான் எழுதுவேன்."

"அரே மேடம், எனக்குத் தமிழ் படிக்க வராதே. வாய்ஸ் நோட் போடுங்களேன்."

"உங்க அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேளு" என்று வைத்துவிட்டேன்.

நான் பிறந்தது மாட்டுங்கா, குடியிருப்பது செம்பூர், உழைத்தது தாராவி. அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பெண் டாக்டராவாள் என்று நினைத்தார். மதிப்பெண் பல்லுக்குத்தான் போதும் என்றது, அதுவும் பல் டாக்டருக்கு அல்ல, பக்கத்தில் நின்று பல்லைச் சுத்தம் செய்யும் பட்டயப் படிப்புக்கு. இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

தாராவியில் என்னைப் 'பல் சிஸ்டர்' என்றார்கள். என் வேலை பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது, பிறகு அறிவுரை சொல்வது. மெல்லிய நாருள்ள பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம், ஈறிலிருந்து பல்லை நோக்கி. செங்கல் பொடியும் சாம்பலும் பாத்திரத்துக்கு, பல்லுக்கு அல்ல. சுரண்டினால் பல் ஆடும் என்பார்கள். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, காரை அதைச் சிமெண்ட் மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சிமெண்டை எடுத்தால் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான் என்பேன். பேசி முடித்ததும் கேஸ் பேப்பர் என்ற நோயாளிச் சீட்டில் 'வாய்ச் சுகாதார அறிவுரை தரப்பட்டது' என்று இங்கிலீஷில் மூன்று எழுத்தில் சுருக்கி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தரப்பட்டது கேட்கப்பட்டதா என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

படித்தவர்கள் கேட்பார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு மேல் மாடி வீட்டுக்காரர் அணுசக்தி நகரில் இருந்து ஓய்வு பெற்று வந்த என்ஜினீயர். கடினமான பிரஷ்ஷை முஷ்டியில் பிடித்து, ரயில் பெட்டி கழுவுகிறவர் மாதிரி இடவலமாகத் தேய்த்துத் தேய்த்து, பல்லின் கழுத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தார். "லேசாத் தேய்க்கணும் சார்" என்றேன். "லேசுன்னா எத்தனை கிராம் அழுத்தம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் தொடர்ந்து தேய்த்தார்.

எங்கள் டாக்டரைச் சொல்லாமல் கதை நகராது. நல்ல மனிதர், மராத்திக்காரர். கைக்குட்டை மடிப்புக் கலையாது. பல் பிடுங்குவதில் மன்னர். பிடுங்கி முடிந்த பிறகுதான் நோயாளி வாயைத் திறந்துகொண்டு பயப்படத் தொடங்குவான். ஆனால் பல் தவிர மற்றதெல்லாம் அவருக்கு வாயின் சுற்றுப்புறம். கன்னத்தை இழுத்துப் பார்ப்பதில்லை, நாக்கைத் தூக்கிப் பார்ப்பதில்லை. 'ஈறுக்குப் பூசுமருந்து, பி காம்ப்ளெக்ஸ், மறுபடி வரவும்' என்று எழுதிப் பேனாவை மூடுவார். அந்த மூடி ஒரு 'டிக்' சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் விசாரணை முடிந்தது. வெளியே இருப்பவர்கள்கூட அதைக் கேட்டு எழுந்து நிற்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. மாதக் கூட்டத்தில், எத்தனை பேரை அனுப்பினீர்கள், ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள். அனுப்பாவிட்டால் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இரண்டு வார விதியோ சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதை மீறாமலேயே மீறுவதற்கு எங்கள் அலுவலகம் ஒரு வழி வைத்திருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அதனால்தான் அவ்வளவு கச்சிதம்.

ஒரு கேஸ் பேப்பர் பதினான்கு நாள்தான் செல்லும். பதினைந்தாம் நாள் வந்தால் ஜன்னலில் புதுச் சீட்டு எழுதுவார்கள். புதுச் சீட்டில் பழைய கதை இருக்காது. 'வாய்ப்புண், மருந்து தரப்பட்டது, மறுபடி வரவும்.' புண் அன்றைக்குத்தான் பிறந்தது. மறுபடி வரும்போது மறுபடி புதுச் சீட்டு, மறுபடி பிறந்த புண். ஆக எங்கள் மருந்தகத்தின் ஏடுகளில் இரண்டு வாரத்தைத் தாண்டிய வாய்ப்புண் ஒன்றுகூட இருந்ததில்லை. அந்த விஷயத்தில் பம்பாயிலேயே நாங்கள்தான் சுத்தமான மருந்தகம்.

இசக்கியம்மாள் வந்தது ஒரு புரட்டாசி மாதம். ஐம்பதைத் தாண்டிய வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தாராவியில் ஒரு முறுக்குப் பட்டறையில் உப்புப் பார்க்கிறவள். பட்டறையில் அது பெரிய பதவி. பிசைந்த மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "போடு" அல்லது "நிறுத்து" என்று அவள் சொன்ன பிறகுதான் அடுப்பு எரியும். டாக்டர் அவள் சீட்டில் 'காரை எடுக்கவும்' என்று எழுதி என்னிடம் தள்ளியிருந்தார்.

"உப்புப் பாக்க முடியல சிஸ்டரம்மா. மாவ வச்சதும் தீயா எரியுது. நேத்துப் போட்ட சரக்குல உப்பே இல்லன்னு மொதலாளி ஏசுதாரு. பல்ல சுத்தம் பண்ணிட்டா சரியாப் போவும்னு டாக்டரு சொன்னாரு."

கன்னத்தைக் கண்ணாடியால் ஒதுக்கினேன். வலப்பக்கம் கீழே, கடைவாய்ப் பல்லுக்கு வெளியே, ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் ஒரு புண். ஓரம் வெளுத்து மடிந்திருந்தது. உறை போட்ட விரலால் தொட்டேன். உள்ளே மொச்சைக்கொட்டை வைத்துத் தைத்த மாதிரிக் கெட்டியாக இருந்தது. சாதாரண வாய்ப்புண் மெத்தென்று இருக்கும், தொட்டால் ஆள் துள்ளுவார். இது கெட்டியாக இருந்தது, இவள் துள்ளவில்லை.

"இந்த எடத்துல என்ன வைப்பீங்க?"

இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு பித்தளை டப்பியை எடுத்தாள். திருகு மூடி. உள்ளே மிஷ்ரி. புகையிலையைத் தகரத்தில் போட்டுக் கருகக் கருக வறுத்துப் பொடித்த பொடி. இந்த ஊர்ப் பெண்கள் காலையில் அதைத்தான் பல்லில் தேய்ப்பார்கள், பிறகு பொழுதுபோகாதபோதும் தேய்ப்பார்கள். நம்மவர்கள் இங்கே வந்து இந்தி கற்பதற்குள் மிஷ்ரி கற்றுவிடுவார்கள்.

"எத்தனை நாளா புண்ணு?"

"ஆடியிலேருந்து."

சீட்டைப் பார்த்தேன். அன்றைய தேதி. 'வாய்ப்புண்.' ஒரு நாள் வயது.

"பழைய சீட்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "சீட்ட யாராச்சும் தூரப் போடுவாவளா?" என்று மடியில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள்.

இதைத் தாராவிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே தேதியும் விலாசமும் சீலும் உள்ள எந்தக் காகிதத்தையும் யாரும் எறியமாட்டார்கள். நாளைக்கு மாற்று வீடு தரவென்று குடிசையை அளக்க வருவார்கள். நீ இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். கரண்ட் பில், தடுப்பூசி அட்டை, நாய்க்கடி ஊசிச் சீட்டு, எல்லாம் வீட்டுப் பத்திரம். இசக்கியம்மாளின் பையில் எங்கள் கேஸ் பேப்பர்கள் ஐந்து, தேதிவாரியாக அடுக்கி இருந்தன. ஐந்திலும் 'வாய்ப்புண், மறுபடி வரவும்.' ஐந்தையும் வரிசையாக வைத்தால் பத்து வாரம்.

ஐந்தில் நான்கின் அடியில் அந்த மூன்றெழுத்து. அறிவுரை தரப்பட்டது. கீழே என் கையெழுத்து.

டாக்டரைக் கிண்டல் செய்வது எனக்குச் சுலபம், இருபது வருஷமாகச் செய்திருக்கிறேன். அவர் கன்னத்தை இழுத்துப் பார்க்கவில்லை. நான்கு தடவை இவள் முன்னால் நின்று பட்டாணி அளவு பேஸ்ட் என்று பேசிய நானும் இழுத்துப் பார்க்கவில்லை. அவள் முகம்கூட எனக்கு நினைவில்லை. சுரண்டும் கருவியைக் கீழே வைத்தேன். அன்று காரை எடுக்கவில்லை.

ஐந்து சீட்டுகளையும் அன்றையதையும் குண்டூசியால் குத்தி, விதிப்படி ஒரு அனுப்பும் படிவத்தின் மேல் பாதியை நிரப்பி, டாக்டர் மேஜையில் வைத்தேன். புரட்டினார். தேதிகளைப் பார்த்தார். பேனாவை எடுத்து மூடினார். டிக்.

"மேடம், ரெஃபர் கியா தோ மீட்டிங் மே ஜவாப் கோன் தேகா?" கூட்டத்தில் யார் பதில் சொல்வது என்பதுதான் அவர் கேள்வி.

"நான் சொல்றேன் சார். நாலு சீட்டுல என் கையெழுத்து இருக்கு" என்று இந்தியிலேயே சொன்னேன். பிறகு என் பேனாவைத் திறந்து, அவர் முன்னால் வைத்தேன். என் பேனாவுக்கு மூடி எப்போதோ தொலைந்துவிட்டது.

அந்தப் பேனாவைப் பார்த்தார். வெளியே 'டிக்' கேட்டு எழுந்து நின்றவர்கள் குழம்பி மறுபடி உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து வந்து, இசக்கியம்மாளின் கன்னத்தை இழுத்து, முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: 'பணியாளரின் வற்புறுத்தலின் பேரில்.' என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

இனி அவளை அனுப்ப வேண்டும். அது டாக்டரைவிடக் கஷ்டம்.

"தீவாளி முடியட்டும் சிஸ்டரம்மா. இப்பதான் சரக்கு ஓடும். நான் இல்லன்னா உப்பு யாரு பாப்பா?"

"இப்பவே உங்களால பாக்க முடியலையே."

"அங்க போனவிய யாரு திரும்பி வந்திருக்காவ?"

"போகாதவங்கள்ல பாதிப் பேர் இங்கேயும் திரும்பி வரல. அதை யாரும் எண்றதில்லை."

பேச்சு எடுபடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மேஜைமேல் இருந்த பித்தளை டப்பியை எடுத்து என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். "பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இந்தக் கீழ்ப் பாதிய நெரப்பிக் குடுப்பார். அதைக் கொண்டு வந்து குடுங்க, டப்பிய வாங்கிக்குங்க."

நோயாளியின் உடைமையைப் பறிமுதல் செய்ய எனக்கு எந்த விதியும் அதிகாரம் தரவில்லை. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள்.

"அப்ப ரசீது குடுங்க."

"என்ன ரசீது?"

"டப்பிய வாங்கி வச்சதுக்கு. என் பேரு, தேதி, வெலாசம் எல்லாம் எழுதணும். குறுக்குச் சந்து நம்பரையும் போடுங்க. அந்த ரவுண்டு சீல வையுங்க, சதுரத்த வைக்காண்டாம், அத ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

எழுதினேன். 'பித்தளை டப்பி ஒன்று, மூடியுடன், மிஷ்ரி முக்கால் அளவு.' முழு விலாசம். வட்ட முத்திரை. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பையில் வைத்தாள். மிஷ்ரி போன துக்கத்தைவிட அத்தாட்சி வந்த மகிழ்ச்சி பெரிதாகத் தெரிந்தது. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

பதினைந்து நாள் ஆனது. பதில் இல்லை. முதல் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். தீபாவளி போனது. இரண்டாவது எழுதினேன். மூன்றாவதில் 'மிகவும் வருந்தத்தக்கது' என்று எழுதினேன். ஆபீஸ் பாஷையில் அதற்கு மேல் வசவு கிடையாது. போன் செய்தால் ஆபரேட்டர் ஒரு பிரிவுக்குத் தள்ளுவார், அந்தப் பிரிவு மணியடித்து ஓயும். நோயாளியைத் தேடிப் பணியாளர் போகலாம் என்று விதி இல்லை. போகக்கூடாது என்றும் இல்லை. முறுக்குப் பட்டறைக்குப் போனேன். முதலாளி எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா. அப்புறம் மவன் வந்து சான்பாடாவுல இருக்க தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். வீடு பூட்டிக் கெடக்கு. அவன் போன எடுக்கவே மாட்டான்."

"உடம்பு எப்படி இருக்குன்னு சொன்னாங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லல. என் உப்பு எப்படி இருக்குன்னு கேளுங்க. டெய்லி ஒருத்தன் பாக்கெட்ட திருப்பிக் கொண்டாரான்."

பூட்டின கதவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து வாரம் என்பது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்து வாரத்தில் கெட்டிப் புண் எங்கே போயிருக்கும் என்றும் தெரியும். அந்த டிராயரைத் திறக்கும்போதெல்லாம் டப்பி உருண்டு முன்னால் வரும்.

டிசம்பர் கடைசியில் ஓய்வு பெற்றேன். பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில், சுரண்டும் கருவிகள், கண்ணாடிகள், ஒரு மேஜை விசிறி ஆகியவற்றுக்குக் கீழே 'பித்தளை டப்பி ஒன்று, மிஷ்ரியுடன், பதில் வரவேண்டியது' என்று எழுதினேன். கவிதா படித்துவிட்டு, "மேடம், இதுக்கு நான் சைன் பண்ணணுமா?" என்றாள். பண்ணினாள். டாக்டர் எனக்குக் கொடுத்த பிரிவுபசாரத்தில் சமோசாவைக் கடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார், "டப்பி கா ஜவாப் ஆயா?" பதில் வரவில்லை என்றேன். தலையாட்டினார். நான் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புரட்டாசிக்குப் பிறகு அவர் எழுதின ஒவ்வொரு புதுச் சீட்டின் மூலையிலும் 'முதல் சீட்டு எப்போது' என்று கேட்டு அந்தத் தேதியையும் எழுதினார். கன்னத்தையும் இழுத்துப் பார்த்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்குகிறவளாக, காப்பிப்பொடிக் கடையில் நிற்பவர்கள் சிரித்தால் அவர்கள் ஈறைப் பார்க்கிறவளாக ஆனேன். கவிதாவிடம் மாதம் ஒரு முறை கேட்பேன். வரவில்லை என்பாள். பிறகு கேட்பதை நிறுத்தினேன். வராத பதிலுக்கு ஒரு அர்த்தம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அனந்த சதுர்த்தசியில் கணபதி கரைத்து முடிந்த சமயம், கவிதா போன் செய்தாள்.

"மேடம், ஒரு அம்மா காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. பஹுத் ஜித்தி, ஒரே பிடிவாதம். டப்பி வேணுமாம். ரசீத தூரத்துலேருந்து காட்டுறாங்க, கையில குடுக்க மாட்டேங்கறாங்க. கையெழுத்துப் போட்ட ஆளுதான் வரணுமாம்."

செம்பூரிலிருந்து தாராவிக்கு நான் அவ்வளவு சீக்கிரம் எப்போதும் போனதில்லை. சம்பளம் வாங்கின காலத்திலும்.

இசக்கியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலக் கன்னம் உள்வாங்கி, தாடை ஓரமாகக் கழுத்து வரை ஒரு தழும்பு. மெலிந்திருந்தாள். பேச்சு கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது, ஆனால் பேச்சு குறையவில்லை.

"ஓய்வு வாங்கிட்டியளாமே. சொல்லாம கொள்ளாமப் போனா எப்படி? என் டப்பிக்கு யாரு பொறுப்பு?"

"நீங்க வரதுக்கு ஒரு வருஷமாச்சே. பதில் சீட்டு எங்கே?"

பையைப் பிரித்தாள். கீழ்ப் பாதி. துளை வழியே பிசிறில்லாமல் கிழித்திருந்தது. பார்க்கப்பட்டது, திசு எடுத்துச் சோதிக்கப்பட்டது, புற்று உறுதி, ஆரம்ப நிலை, அறுவைக்குத் தேதி கொடுக்கப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி. அந்தத் தேதி நாங்கள் அனுப்பியதிலிருந்து பன்னிரண்டாம் நாள்.

பதினைந்து நாளுக்குள் விதிப்படி நிரப்பித் தந்திருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் நான் மூன்று நினைவூட்டல் அனுப்பி, ஒன்றில் வருந்தத்தக்கது என்று எழுதினேன்.

"இதை அப்பவே கொண்டு வந்து குடுத்திருக்கலாமே. உயிரோட இருக்கீங்களான்னு கூடத் தெரியாம நான்..."

"எப்படிக் குடுக்க? மவன் வீட்டுல கெடந்தேன். இங்க வீடு அளக்க வந்தவனுவ, பூட்டிக் கெடக்கு, ஆளு இல்லன்னு எழுதப் பாத்தானுவ. சேதி கேட்டு ஓடி வந்து இந்தச் சீட்டத்தான் நீட்டினேன். ஊர விட்டுப் போவல, ஆஸ்பத்திரியில கெடந்தேன், பாரு, தேதி பாரு, சீல் பாருன்னேன். எழுதிக்கிட்டானுவ. இனிமே இதுக்கு வேலை இல்ல, நீங்க வச்சுக்கிடுங்க."

"ரசீது?"

"அத எதுக்குத் தரணும்? வீடு இன்னும் கையில வரலல்லா."

நான் வற்புறுத்தவில்லை. கவிதா டிராயரைத் திறந்தாள். டப்பி உருண்டு முன்னால் வந்தது. இசக்கியம்மாள் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருந்ததைக் குப்பைக் கூடையில் கவிழ்த்து, டப்பியின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மிஷ்ரிக்கு இல்லன்னா இது எதுக்கு இப்ப?" என்றேன்.

"உப்பளக்க. நாக்குல பாதிக்குத்தான் ருசி தெரியுது, அத நம்ப முடியல. இந்த டப்பிக்குத் தலை தட்டி ஒண்ணு, ஒரு வாளி மாவுக்குச் சரியா வரும். முந்தியே எனக்குத் தெரியும். வேற டப்பி வச்சுப் பாத்தேன், ஒண்ணும் அமையல. மொதலாளி நாளைலேருந்து வரச் சொல்லிட்டாரு."

அவள் போன பிறகு சீட்டை மறுபடி பார்த்தேன். கடைசி வரியை முதலில் கவனிக்கவில்லை. 'உரிய காலத்தில் அனுப்பியதற்கு நன்றி.' எல்லாச் சீட்டிலும் எழுதுகிற வரிதான். பத்து வாரம், ஐந்து சீட்டு, நான்கு கையெழுத்து. டாக்டர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று அதே வரியைப் படித்தார். அவர் பேனா திறந்தே இருந்தது.

கவிதா வரவுப் பதிவேட்டை எடுத்து வைத்தாள். "எந்தத் தேதி போடட்டும் மேடம்? சீட்டுல இருக்கறதா?"

சீட்டில் இருப்பதைப் போட்டால் எல்லாரும் விதிப்படி நடந்த மாதிரி ஆகிவிடும். "பதிவேட்டுல வந்து சேர்ந்த தேதியத்தான் போடணும்" என்றேன். அவள் எழுதினாள்: அனந்த சதுர்த்தசிக்கு மறுநாள், புதன்கிழமை.